திங்கட்கிழமை மதிப்பெண்

அத்தியாயம் 9

"கல்யாணம் நிச்சயமான பெண், ரப்பர் வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரிவது அழகா?" என்று வாசகி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. பிலோமியின் அம்மா ஃப்ளோரன்ஸும் ஐந்து வருடமாக அதையேதான் கேட்கிறாள். இருவருக்கும் ஒரே பதில்தான். அவள் விடமாட்டாள்.

புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம்.

ராயபுரம் பாஸ்கல் துறைமுகத்தில் விஞ்ச் ஓட்டுகிறவர். கப்பலின் குழிக்குள் மூட்டைகளை இறக்குவதும் ஏற்றுவதும் அவர் கைப்பிடியில் இருக்கிறது. ஆனால் அவர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து குழிக்குள் எதுவும் தெரியாது. குழியின் விளிம்பில் ஒருவன் நின்று கை காட்டுவான். இறக்கு, நிறுத்து, தூக்கு. அந்தக் கைதான் பாஸ்கலுக்குக் கண். அந்தக் கைக்குச் சொந்தக்காரன் ஹென்றி. குழிக்குள் சுமைக்குக் கீழே நிற்பவர்களில் ஒருவன் பாஸ்கலின் மகன் அம்புரோஸ். பாஸ்கலின் மகள் பிலோமியைக் கட்டிக்கொள்ளப் போகிறவனும் அதே ஹென்றிதான். ஒரு குடும்பத்தின் மூன்று ஆண்பிள்ளைகளை ஒரே கம்பியில் கோத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹென்றியைத் துறைமுகத்துக்கு வெளியே யாரும் ஹென்றி என்று கூப்பிடுவதில்லை. 'மண்டை' என்பார்கள். அந்த வட்டாரத்துக் கத்தோலிக்கர்களின் பங்குக் கோயில் கால்பந்துக் குழுவில் அவன் நடுவில் நிற்பவன். வானத்தில் வரும் பந்து எதுவானாலும் அவன் தலைக்குத்தான் வரும்.

இதற்கிடையில் ஜூலை மாதம் சங்கரநாராயணன் என்ற மனோதத்துவ விரிவுரையாளர் வந்து சேர்ந்தார். திருநெல்வேலிக்காரர். எந்த விளையாட்டு வாலிபர்களின் புத்தியை என்ன செய்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். முப்பத்திரண்டு பேரைப் பிடித்தார். கொருக்குப்பேட்டையில் பாரம் தூக்குகிறவர்கள், முகத்துவாரக்குப்பத்து நீச்சல்காரர்கள், ஓட்டக்காரர்கள், கால்பந்துக்காரர்கள், ரப்பர் வளையத்தை எறிந்து பிடிக்கும் ரிங் டென்னிஸ் பெண்கள் ஆறு பேர், அதில் பிலோமி ஒருத்தி. சனிக்கிழமை மாலை ஒரு பரீட்சை, ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு முடிந்து திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகுமுன் ஒரு பரீட்சை. இடது விளக்கு எரிந்தால் இடது பொத்தான், வலது விளக்குக்கு வலது பொத்தான். பிறகு ஏழு எண்களைச் சொல்லி, கொஞ்சம் ஊர்க்கதை பேசி, அந்த எண்களைத் திருப்பிக் கேட்பார். பிலோமி தன் பரீட்சையை முடித்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கடிகாரம் பிடித்து உதவினாள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் நோட்டுப் புத்தகத்தைப் படியெடுக்கும் வேலையும் அவளுக்கே வந்தது.

நோட்டில் பெயர்கள் கிடையாது, எண்கள்தான். ஆனால் பதினேழு யார் என்று கடிகாரம் பிடித்தவளுக்குத் தெரியாதா?

ரிங் டென்னிஸ் பெண்கள் பொத்தான் அழுத்துவதில் எல்லோரையும் முந்தியிருந்தார்கள். வலைக்கு மேலே வரும் வளையத்தை ஒரே கையால் பிடித்து, நின்று யோசிக்காமல் உடனே திருப்பி எறிகிறவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. ஓட்டக்காரர்களுக்கு எண்கள் நன்றாக நினைவிருந்தன. நீச்சல்காரர்கள் சனிக்கும் திங்களுக்கும் மாறவேயில்லை. பாரம் தூக்குகிறவர்கள் தூக்கி முடித்த அரைமணி நேரம் மந்தமாக இருந்து பிறகு சரியானார்கள். கால்பந்துக்காரர்களும் நன்றாகவே செய்திருந்தார்கள், இரண்டு பேரைத் தவிர. பதினேழும் இருபத்திரண்டும் சனிக்கிழமை ஆறு, ஏழு எண்கள் சொன்னார்கள். திங்கட்கிழமை மூன்று, இரண்டு. இருவரும் பந்தைத் தலையால் அடிக்கிறவர்கள். பதினேழு ஹென்றி.

"ரெண்டு பேர வச்சி ஒண்ணும் எழுதப்படாதும்மா," என்று சொல்லிவிட்டுத்தான் சங்கரநாராயணன் ஊருக்கு ரயில் ஏறியிருந்தார். செவ்வாய்க்கிழமைதான் திரும்புவார். போகும்போது இன்னொன்றும் சொன்னார். "நம்பரத் தப்பாச் சொன்னாக் கவலப்படாத. நம்பர் சொன்னதே ஞாபகம் இல்லன்னு எவனாவது சொன்னா, அவன வேலைக்கு அனுப்பப்படாது. எனக்குச் சொல்லு."

இனி ஞாயிற்றுக்கிழமை. 1953, நவம்பர் மாதம், விடாத மழை.

*

கத்தோலிக்கக் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று அறிவிப்பது. கிறிஸ்துமஸுக்கு முந்திய ஆகமன காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது. ஆகையால் இன்று இரண்டாம் ஓலை, அடுத்த ஞாயிறு மூன்றாம் ஓலை, அந்தப் புதன்கிழமை தாலி. நாள் தவறினால் பொங்கலுக்கு அப்புறம்தான்.

ஓலை வாசிக்கிற பூசைக்கு மணப்பெண் போவது அந்தத் தெருவில் வழக்கமில்லை. விடியற்காலைப் பூசையைப் பார்த்துவிட்டு வந்து, அடுத்த பூசை முடியும்வரை வீட்டில் வெட்கப்பட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

பிலோமி விடியற்காலைப் பூசைக்கும் போனாள். ஏழரை மணிக்கு மறுபடியும் முக்காட்டை எடுத்தாள்.

"எங்கடி கெளம்பிட்ட?" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"பூசைக்கு."

"பாத்துட்டுதானே வந்த? ஓல படிக்கிற பூசைக்குப் பொண்ணு போய் குந்துவாளா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். எனுக்குக் கேக்கணும்."

பிலோமி பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பிரசங்கம் முடிந்து பங்குச் சாமியார் காகிதத்தைப் பிரித்தார். பாஸ்கல், ஃப்ளோரன்ஸ் இவர்களுடைய குமாரத்தி பிலோமினாளுக்கும், இதே பங்கைச் சேர்ந்த ஹென்றிக்கும் மெய்விவாகம், இது இரண்டாம் ஓலை, இவர்களுக்குள் விக்கினம் இருப்பதாக அறிந்தவர்கள் அதை அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

விக்கினம் என்றால் தடை. முதல் மனைவி உயிரோடிருப்பது, நெருங்கிய ரத்த உறவு, இப்படி. திங்கட்கிழமை மூன்று எண் மட்டும் நினைவிருப்பது அந்தப் பட்டியலில் இல்லை. பிலோமிக்கு அது தெரியும். இருந்தும் அவள் கை முன் பெஞ்சைப் பிடித்தது, முட்டி கொஞ்சம் எழும்பியது. எழுந்து என்ன சொல்வது என்று தெரியாததால் உட்கார்ந்துவிட்டாள்.

ஆண்கள் பக்கத்திலிருந்து பாஸ்கல் அதைப் பார்த்துவிட்டார்.

*

கோயில் வாசலில் குடை விரிக்கும் சாக்கில் பாஸ்கல் மகளை ஓரமாக அழைத்துப் போனார்.

"இன்னா பிலோமி? அவன வேணான்றியா?"

"வேணும் நைனா. அதான் பேஜாரே."

அவள் நோட்டில் இருந்ததைச் சொன்னாள். பேர் சொல்ல மாட்டேன் என்று விரிவுரையாளருக்குக் கொடுத்த வாக்கை அப்போதே மீறிவிட்டாள். பாஸ்கல் கடைசிவரை கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் முகத்தில் வந்தது கவலையில்லை. பெரிய நிம்மதி.

"அப்டின்னா அவன் குடிக்கல," என்றார்.

"யாரு சொன்னது குடிக்கிறான்னு?"

"நான்தான் நெனச்சிகினு இருந்தேன். மூணு வாரமா திங்கக்கெழம திங்கக்கெழம அவன் வாய மோந்து பாத்துகினு கீறேன். ஒரு வாடையும் இல்ல. மதுவிலக்கு வந்தப்பொறம் வாட இல்லாத சரக்கு எதனா காச்சறானுங்களோன்னு பார்த்தேன்."

மதுவிலக்குக் காலத்தில் வட சென்னையில் எந்த ஆண்பிள்ளை தடுமாறினாலும் ஒரே காரணம்தான் சொல்வார்கள். பாஸ்கலும் அந்த ஊர்க்காரர்தானே.

"எதுக்கு மோந்து பார்த்த?" என்றாள் பிலோமி.

பாஸ்கல் குடையை மடக்கினார். மழை விட்டிருக்கவில்லை. மறுபடி விரித்தார்.

"மூணு வாரம் முந்தி ஒரு நாளு. நிறுத்துன்னு காட்ட வேண்டிய எடத்துல இறக்குன்னு காட்டினான். ஒரு தபா காட்டினதயே மறுக்கா காட்டினான். கம்பி ஜாஸ்தியா எறங்கிகினு போறாப்ல என் கைக்குப் பட்டுது. நானா நிறுத்திட்டேன்."

"கீழ யாரு?"

"உங்கண்ணன். அவன் தலைக்கு மேல ஒரு சாண் இருந்துச்சாம்."

இதை அண்ணனும் சொல்லவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. மாப்பிள்ளை நல்லவன் என்று இருவரும் சேர்ந்து மூடி வைத்திருக்கிறார்கள். அவளுக்குக் கோபம் வந்தது. அதற்குமேல் பயம் வந்தது.

"சாயங்காலம் ஃபைனல். அவன் ஆடக் கூடாது நைனா."

"ஆடாம? பதினொரு வருஷமா அந்தக் கப்பு நம்ம பங்குக்கு வர்ல. குடி இல்லல்ல, அது போதும். மேட்ச் முடிஞ்சி நல்லாத் தூங்கினா சரியாப் பூடும்."

"நாளிக்குக் காலைல ஏழு மணிக்கு ரங்கூன் அரிசிக் கப்பல். அண்ணன் குழியில எறங்கணும்."

"நான்தானே விஞ்சுல குந்திகினு கீறேன்."

"உனுக்குக் குழி தெரியாதே," என்றாள் பிலோமி.

முப்பது வருடம் விஞ்ச் ஓட்டிய பாஸ்கல், நேரமாகிவிட்டது என்று நடந்துவிட்டார்.

*

மத்தியானம் ஹென்றி கோயில் வளாகத்துக் கொட்டகையில் உட்கார்ந்து பந்துக்கு மெழுகு தடவிக்கொண்டிருந்தான். தோல் பந்து. மழையில் தண்ணீர் குடித்தால் கல்லாகிவிடும். மெழுகு பூசினால் அரைமணி நேரம் தாங்கும், அதற்குப் பிறகு கர்த்தர் சித்தம்.

இந்த ஹென்றியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவனிடம் கபடம் கிடையாது. கேட்டால் கொடுப்பான், திட்டினால் சிரிப்பான், பொய் சொல்லத் தெரியாது. பிலோமிக்கு அவனைப் பிடித்ததே அதனால்தான்.

அவள் நேராகவே சொன்னாள். மூன்று எண், ஒரு சாண், எல்லாம்.

ஹென்றி கொஞ்ச நேரம் மெழுகு தடவினான்.

"அன்னிக்கு எனுக்கே ஒரு மாரி இருந்துச்சி," என்றான். "மச்சான்கிட்ட மாப்பு கேட்டுகினேன். ராத்திரி ஷிப்டு பாத்த சோர்வுன்னு நெனச்சேன். தலயால அடிச்சா இப்டி ஆவும்னு யாரும் சொல்லலியே பிலோமி."

"நான் சொல்றேன் இப்ப. காலால ஆடு. காலால ஆடறவன்லாம் நல்லாத்தான் கீறான். தலைய மட்டும் வுட்டுடு."

"பந்து என்னியத் தேடி வந்தா இன்னா பண்ணட்டும்?"

"நவுந்துக்கோ."

மண்டை என்று பேரெடுத்தவனை நகர்ந்துகொள்ளச் சொல்வது எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். கேலி செய்வார்கள். பொண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கெட்டான் என்பார்கள், இன்னும் பொண்டாட்டியே ஆகவில்லை. ஹென்றி அவளைப் பார்த்தான், பந்தைப் பார்த்தான்.

"சரி. தலைல படாம ஆடறேன்."

"சத்தியமா?"

"மாதா மேல."

பிலோமி இன்னொன்றும் செய்தாள். ஏழு எண்கள் சொன்னாள். நான்கு, ஒன்பது, இரண்டு, ஏழு, ஒன்று, ஆறு, மூன்று. திருப்பிச் சொல்லச் சொன்னாள். சொன்னான். அவன் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிவிட்டு மறுபடி கேட்டாள். பிசகாமல் சொன்னான். "மேட்ச் முடிஞ்சி கேப்பேன்," என்றாள். "கேளு, பின்னாடியிருந்து முன்னாடியே சொல்றேன்," என்று அவன் சிரித்தான். ஞாயிறு மத்தியானம் வரைக்கும் அவன் முழு ஹென்றிதான்.

*

நாலரைக்கு ஆட்டம் ஆரம்பமானது. எதிர்க் குழு பெரம்பூர்ப் பக்கத்து ரயில்வே பையன்கள். மைதானத்தில் பாதி சேறு, மீதி தண்ணீர்.

பிலோமி கோட்டுக்கு வெளியே அம்புரோஸின் குடைக்குள் நின்றாள். மறு கையில் ரப்பர் வளையம். அம்புரோஸுக்கு இருபத்தைந்து வயது. அதிகம் பேசாதவன். தலைக்கு மேல் ஒரு சாணில் எட்டு மூட்டை அரிசி நின்றதைக்கூட வீட்டில் சொல்லாதவன்.

"என் தலைக்கு மேல நின்னத நைனா சொல்லிச்சா?" என்றான்.

"சொல்லிச்சு. நீ ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கண்ணாலத்த நிறுத்திடுவ."

அதற்கு மேல் இருவரும் ஆட்டத்தைப் பார்த்தார்கள்.

ஹென்றி சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். முதல் உயரப் பந்து வந்தபோது ஒதுங்கினான். கூட்டத்துக்குப் புரியவில்லை. இரண்டாவது பந்துக்கும் ஒதுங்கினான். "இன்னா மண்ட, தலைல எண்ண தேச்சிகினு வந்தியா?" என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பு எழுந்தது. பாஸ்கல்கூடத் தலையில் அடித்துக்கொண்டார். ஹென்றி கீழே பார்த்துக்கொண்டு ஓடினான். பிலோமிக்கு அவன்மேல் அவ்வளவு பிரியம் வந்தது. சொன்னால் சொன்னபடி செய்கிற ஆண்பிள்ளை அந்தத் தெருவில் எத்தனை பேர்?

ஹாஃப் டைமுக்கு முன்னால், ரயில்வே பையன் ஒருவன் பந்தை வெளியே அனுப்ப ஓங்கி உதைத்தான். ஹென்றி வேறு பக்கம் திரும்பியிருந்தான். தண்ணீர் குடித்த பந்து அவன் நெற்றிப் பொட்டுக்குக் கொஞ்சம் மேலே வந்து விழுந்தது. சேற்றில் உட்கார்ந்தான். யாரோ தண்ணீர் கொண்டுபோய் முகத்தில் அடித்தார்கள். எழுந்து கையசைத்தான். கூட்டம் கைதட்டியது.

இரண்டாம் பாதியில் உயரப் பந்து வந்தது. ஹென்றி எம்பித் தலையால் அடித்தான்.

அடுத்ததையும் அடித்தான். அதற்கடுத்ததையும். தயக்கமே இல்லை. கூட்டத்துக்குப் பழைய மண்டை கிடைத்துவிட்டான்.

"மாதா மேல சத்தியம் பண்ணான்," என்றாள் பிலோமி.

"கேலி பண்ணாங்க இல்ல," என்றான் அம்புரோஸ். "ஆம்பளைக்குப் பொறுக்காது."

முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் ஒரு கார்னர். பந்து மழையோடு உயர்ந்து இறங்கியது. பத்துப் பேர் எம்பினார்கள். ஒரு தலைதான் எட்டியது. கோல்.

பதினொரு வருடமாக வராத கோப்பை பங்குக்கு வந்தது. ஹென்றியை முதலில் தோளில் தூக்கியவர் பாஸ்கல்.

*

இறக்கிவிட்டதும் கோப்பையை அணைத்துக்கொண்டு ஹென்றி நேராகப் பிலோமியிடம் வந்தான். பாஸ்கலும் பின்னாலேயே வந்தார்.

"பார்த்தியா?" என்றான்.

"பார்த்தேன். தலைல படாம ஆடறேன்னியே."

ஹென்றி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்தினான்.

"யாரு சொன்னது?"

"நீதான். மத்தியானம். மாதா மேல சத்தியம் பண்ண."

"தமாஸ் பண்ணாத பிலோமி. நான் போய் அப்டி சத்தியம் பண்ணுவனா?"

பொய் சொல்லத் தெரியாதவன் என்று முன்பே சொன்னேன். அவன் கண்ணில் பொய் இல்லை. பிலோமி மைதானத்து ஓரத்தில் அரைமணி நேரம் சேர்த்து வைத்திருந்த கோபம் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

"நம்பரு சொல்லு," என்றாள் மெதுவாக.

"இன்னா நம்பரு?"

"ஏழு நம்பரு. நான் குடுத்தது."

அவன் அம்புரோஸைப் பார்த்தான், பாஸ்கலைப் பார்த்தான். எல்லோரும் சேர்ந்து விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினான்.

பிலோமி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வேலப்பன் மேஸ்திரி வூடு கொருக்குப்பேட்டைல எங்க நைனா?" துறைமுகத்தில் யார் எங்கே நிற்பது என்று ஆள் பிரித்து விடுகிறவர் வேலப்பன்.

"எதுக்கு?"

"நாளிக்கு இவன் குழிகிட்ட நிக்கக் கூடாதுன்னு சொல்லணும்."

பாஸ்கல் அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "பைத்தியமா உனுக்கு? மேஸ்திரி காதுல போட்டா சிக்னல் வேல பூடும். வேல இல்லாதவனுக்கா உன்ன குடுப்பேன்? ஒரு நாளு அம்புரோஸ் லீவு போடட்டும்."

"அவன் எடத்துல வேற ஒருத்தன் எறங்குவான். அவனுக்குத் தங்கச்சி இருக்க மாட்டாளா?"

"நானே எறங்கறேன்," என்றான் அம்புரோஸ். "அவன் கைய எனுக்குத் தெரியும்."

"நாளிக்கு அந்தக் கைய அவனுக்கே தெரியாது அண்ணே."

அவள் ரயில் பாதைப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். குடை இல்லை. ரப்பர் வளையத்தை வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டிருந்தாள். போனால் என்ன போகும் என்று அவள் கணக்குப் போட்டுத்தான் போனாள். வேலை போகும், மூன்றாம் ஓலை போகும், புதன்கிழமைத் தாலி போகும். போகாவிட்டால் போவது அண்ணன், அல்லது அண்ணனைப் போல ஒருவன்.

"பிலோமி எங்க போவுது?" என்றான் ஹென்றி.

"கொருக்குப்பேட்டைக்கு," என்றான் அம்புரோஸ். "மேஸ்திரியப் பாக்க."

ஹென்றி தலையாட்டினான். யாரோ வந்து கோப்பையைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு பையன் அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனான். ஹென்றி கோப்பையின் காதில் ஒட்டியிருந்த சேற்றைக் கட்டைவிரலால் துடைத்தான்.

பிறகு நிமிர்ந்து சுற்றிலும் தேடினான்.

"மாமா, பிலோமி இங்கதானே இருந்தா?" என்றான். "எங்க போச்சி?"

பாஸ்கல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, மூன்று வாரமாகத் திங்கட்கிழமைகளில் செய்து வந்ததுபோல, பக்கத்தில் போய் அவன் வாயை மோந்து பார்த்தார். மழையும் சேறும்தான் மணத்தன.

அவர் மகனிடம், "இவன வூட்ல கொண்டும்போய்ப் படுக்க வை," என்றார். குடையை எடுத்துக்கொண்டு மகள் போன திக்கில் வேகமாக நடந்தார். வேலப்பனிடம் பெண்பிள்ளை சொன்னால் எடுபடாது, விஞ்ச்காரன் சொல்ல வேண்டும்.